தன் வளர்ச்சிக்குத் தானே தடை போடும் படலம்

லிங்கி, லாபு, ரந்தாவ், பகாவ் என்று நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு ஒரு வேதியியல் பாடம் கைப்பழக்கமாகவே தெரியும். மங்கில் வடிந்த பால் நேரமானால் தானே உறையும். அமோனியா விட்டால் தாங்கும். ஃபார்மிக் அமிலம் விட்டால் கட்டியாகிவிடும். இதற்கெல்லாம் அடிப்படை மின்னேற்றம். பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள்களைப் புரதமும் கொழுப்பும் போர்த்தியிருக்கின்றன. அந்தப் போர்வையில் எதிர்மின்னேற்றம் உண்டு. அதனால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கின்றன. அமிலம் அந்த மின்னேற்றத்தைத் தீர்த்துவிட்டால் ஒட்டிக்கொள்கின்றன.

1920களில் ஹங்கேரியரான பவுல் கிளைனும், அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் ஷெப்பர்டும் எபர்லினும் இந்த மின்னேற்றத்தையே வேலைக்கு வைத்தார்கள். ரப்பர் பாலில் மின்வாய்களை இறக்கி மின்சாரம் செலுத்தியதும் துகள்கள் நேர்மின்வாயை நோக்கி நகர்ந்தன. அங்கே நீர் சிதைந்து அமிலத்தன்மை உண்டாகும். மின்வாய் துத்தநாகமாக இருந்தால் துத்தநாக அயனிகளும் கரைந்து வரும். இரண்டுமே பாலை உறைய வைப்பவை. மின்வாயின் மேல் ரப்பர் தோலாகப் படிந்தது. ஆக்சிஜன் குமிழிகள் அந்தத் தோலைத் துளைத்தது பெரிய தொல்லை. இன்றைய கையுறை ஆலைகளில் ரப்பரைப் படிய வைக்க மின்சாரம் தேவையில்லை. கையுறை அச்சைக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் முக்கி, பிறகு பாலில் முக்குகிறார்கள்.

இந்தப் படலம் வளரும் விதம் என்னை மிகவும் ஈர்க்கிறது. அச்சிலிருந்து புறப்படும் கால்சியம் அயனி, முன்பே உறைந்த ரப்பரை ஊடுருவித்தான் வெளியிலுள்ள பாலை எட்ட முடியும். படலம் தடிக்கத் தடிக்க அயனியின் வழி நீள்கிறது, வளர்ச்சி தளர்கிறது. தடிமன் ஏறத்தாழ நேரத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும்: இருமடங்கு தடிமனுக்கு நான்கு மடங்கு நேரம் வேண்டும்.

இது வளர்ந்த படலத்தின் கதை. பிறப்பின் கதை இன்னும் நுட்பமானது. செம்போ வெள்ளியோ மின்முலாமாகப் படியும்போது பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் மூடிக்கொள்வதில்லை. ஆங்காங்கே சில அணுக்கள் கூடிக் கருக்களாகின்றன. மிகச் சிறிய கரு கரைந்துபோகும். ஓர் அளவைத் தாண்டியது மட்டுமே பிழைத்து வளரும். குளத்தில் விழுந்த மழைத்துளிகளின் வட்டங்கள்போல் அவை விரிந்து ஒன்றோடொன்று மோதுகின்றன. மோதிய இடத்தில் இரண்டும் ஒரே பரப்பைப் பங்கிட வேண்டும். அப்படியானால் மூடிய பரப்பு எவ்வளவு?

1937இல் கணிதவியலர் கொல்மகோரவ், 1939இல் ஆய்வாளர் அவ்ராமி கண்ட விடை அழகானது. வட்டங்கள் ஒன்றையொன்று தடுக்காமல் வளர்வதாகப் பாவித்து அவற்றின் பரப்புகளை முதலில் கூட்டிக்கொள்ள வேண்டும். கருக்கள் தற்செயலாகச் சிதறியிருந்தால், அந்தக் கூட்டுத்தொகை மின்வாயின் பரப்புக்குச் சமமாகும்போது உண்மையில் மூடியிருப்பது 63 விழுக்காடு. இருமடங்காகும்போது 86 விழுக்காடு. 1960களில் மின்வேதியியலர்களான ஃபிளைஷ்மனும் தர்ஸ்க்கும் இதை மின்னோட்டத்தோடு இணைத்தார்கள். கருக்கள் வளரும்போது மின்னோட்டம் ஏறும், மோதத் தொடங்கியதும் உச்சம் கண்டு இறங்கும். எல்லாக் கருக்களும் தொடக்கத்திலேயே பிறந்துவிட்டனவா, ஒவ்வொன்றாகப் பிறந்துகொண்டே இருந்தனவா என்பதை அந்த வளைவின் வடிவமே சொல்லிவிடும். கண்ணுக்குப் புலப்படாத பிறப்பை ஒரு கோட்டிலிருந்து படித்தெடுப்பது மின்வேதியியலின் பெருஞ்சாதனைகளில் ஒன்று என்பேன்.

இதில் தமிழ் மண்ணுக்கும் பங்குண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953 ஜனவரி 14இல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்டது. அங்கே பணியாற்றி, பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குச் சென்றவர் எஸ்.கே. ரங்கராஜன். 1980களின் தொடக்கத்தில் ஆய்வாளர் போஸ்கோவுடன் சேர்ந்து, ஒற்றை அடுக்கைத் தாண்டி அடுக்கின் மேல் அடுக்காகவும் அரைக்கோளங்களாகவும் வளரும் படலங்களுக்கு அவர் மாதிரிகள் வகுத்தார். உலகெங்கும் மின்படிவு ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டும் பெயர் அவருடையது.

படலத்தின் கதை இன்று நெகிரி செம்பிலானிலும் தொடர்கிறது. சிரம்பானில் ஒரு காலத்தில் தொலைக்காட்சிப் படக்குழாய் செய்த சாம்சங் ஆலை, 2012 முதல் லித்தியம் மின்கலம் செய்கிறது. மின்கலத்தை முதன்முறை மின்னேற்றும்போது அதன் கிராஃபைட் மின்வாயில் மின்பகுளி சிதைந்து, மிக மெல்லிய படலம் படியும். 1979இல் இஸ்ரேலிய வேதியியலர் பெலெட் விளக்கிய வகையைச் சேர்ந்த படலம் இது. லித்தியம் அயனியை விடும், எலெக்ட்ரானை மறிக்கும். அது சீராக அமையவே முதல் மின்னேற்றத்தை ஆலைகள் நிதானமாகச் செய்கின்றன. பிறகும் அது மெல்ல வளர்ந்து லித்தியத்தைத் தின்கிறது. பயன்படுத்தாமல் வைத்த மின்கலத்தின் இழப்பும் பெரும்பாலும் அதே வர்க்கமூலக் கணக்கில்தான் போகிறது. குளிரில் வேகமாக மின்னேற்றினால் லித்தியம் உலோகமாகவே கருக்கட்டி முள்போல் வளரும், உள்ளே குறுக்குச்சுற்று உண்டாகித் தீப்பிடிக்கவும் கூடும்.

தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று செனாவாங், நீலாய் தொழிற்பேட்டைகளில் இயந்திரங்களை இயக்குகிறார்கள். மின்கலத்தின் ஆயுளைக் கணிக்கும் இருக்கைகளிலும் அவர்கள் அமர வேண்டும். அவ்ராமியின் கணக்குக்கு வேண்டிய அடுக்குக்குறிச் சார்பும் தொகையீடும் எஸ்.டி.பி.எம். கணிதத்திலேயே இருக்கின்றன. ஆறாம் படிவத்தில் அறிவியல் எடுத்திருக்கும் தம்பி தங்கைகளே, மின்வேதியியல் பாடத்தைத் தேர்வு முடிந்ததும் மூடி வைத்துவிடாதீர்கள்.