ஆங்கில நூல்களிற் புகுந்த நம்மவர் சொற்கள்

தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குச் சென்று மீளும் மாணவர், ‘அனக்கொண்டா’ என்னும் பாம்பின் பெயர் தமிழோ என வினவுவதுண்டு. ‘ஆம், ஆனையைக் கொன்றது என்பது பொருள்’ என விடையிறுத்தல் எளிது, செவிக்கும் இனிது. ஆயினும், சொற்பிறப்பு ஆராய்ச்சியில் இனிமை சான்றாகாது. ஆதலின், 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் ஈழத்தும் தமிழகத்தும் வழங்கிய சில சொற்கள் ஆங்கில நூல்களிற் பதிவான வரலாற்றை ஈண்டு நோக்குவாம்.

நம் ‘கறி’ ஆங்கில எழுத்தில் ஏறியது, ஒல்லாந்தரான லின்சொட்டன் என்பார் கோவாவில் வாழ்ந்தபின் எழுதிய நூலின் 1598ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பிலாகும். ‘கட்டுமரம்’ என்பதனை, கடலோடியான வில்லியம் தம்பியர் 1697இல் வெளியிட்ட தம் பயண நூலில் விளக்கினார். இவ்விரண்டும் தமிழ் என்பதில் ஐயமில்லை. ஒலி, பொருள், கேட்ட இடம் என்னும் மூன்று சான்றும் இவற்றில் ஒருங்கு பொருந்துகின்றன.

ஈழச் சொற்களை ஆங்கிலேயர்க்கு அறிவித்தோருள் தலையாயவர் றொபேட் நொக்ஸ். 1660இல் கொட்டியாரக் குடாவிற் சிறைப்பட்ட இவர், இரண்டாம் இராசசிங்கனின் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் வாழ்ந்தார். 1679இல் தப்பி, மன்னாரை அடுத்த அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். இவர்தம் இலங்கை வரலாறு 1681இல் இலண்டனில் வெளிவந்தது. தாளிப்பனையைக் குறிக்கும் ‘தலிப்பொட்’, குரங்கினைக் குறிக்கும் ‘வண்டரூ’ ஆகியன அந்நூல் வாயிலாகவே ஆங்கிலத்துட் புகுந்தன. தாளிப்பனையின் ஓரோலை பதினைந்து இருபது பேரை மழையினின்று காக்கும் என அவர் வியந்துரைக்கின்றார். இச்சொற்கள் அவர் வாழ்ந்த கண்டி நாட்டுச் சிங்கள வழக்கினவாதலின், அவற்றைத் தமிழென உரிமை பாராட்டுதல் தகாது.

இனி, அனக்கொண்டாவுக்கு வருவாம். இயற்கை நூலறிஞர் ஜோன் ரே 1693இல் இலத்தீனில் எழுதிய விலங்கு நூலில், லெய்டன் நகர்ப் பொருட்காட்சிச்சாலைப் பட்டியலொன்றிலிருந்து ‘அனகந்தையா’ என்னும் பெயர் இடம்பெற்றது. அஃது ஈழத்தார் வழங்கும் பெயரென்றும், எருமை முதலியவற்றின் உறுப்புக்களை நொறுக்குவது எனப் பொருள்படுமென்றும் அங்குக் கூறப்பட்டது. ‘ஆனைகொன்ற’ என்னும் தமிழ்த் தொடரே மூலமாகலாம் எனக் கருதியவர், 1886இல் வெளிவந்த ஹொப்சன்-ஜொப்சன் அகராதியைத் தொகுத்த யூல் ஆவர். சிங்களத்தில் ‘ஹெனகந்தயா’ என்றொரு பெயரும் உண்டு.

முற்கூறிய மூன்று சான்றாலும் இதனை அளந்து நோக்குக. தமிழ்த்தொடரின் ஒலி ஓரளவு பொருந்தினும், பழைய பட்டியல் எருமையைக் கூறுகின்றதேயன்றி யானையைக் கூறவில்லை. சிங்களப் பெயரோ மெல்லிய மரப்பாம்பொன்றைக் குறிப்பது. எருமையை நொறுக்கும் ஆற்றல் அதற்கில்லை. இடமோ இருமொழிக்கும் பொது. இப்பெயர் பிற்காலத்தில் தென்னமெரிக்கப் பாம்புக்குச் சென்றமை வேறொரு வியப்பு.

அன்றியும், அகராதி காட்டும் ஆண்டு சொல் பிறந்த ஆண்டன்று. ஏட்டில் அகப்பட்ட ஆண்டே. 1598க்கு முன்னும் நம்மவர் கறி சமைத்தனர். முந்திய ஏடொன்று கிடைப்பின் அவ்வாண்டும் மாறும்.

எனவே வினவும் மாணவனுக்கு, ‘ஈழத்திலிருந்து சென்ற பெயர், தமிழெனத் துணிதற்குச் சான்று போதாது’ என்பதே நேரிய விடையாகும். கறியும் கட்டுமரமும் ஐயமின்றி நமவாயிருக்க, ஐயத்துக்குரியதனையும் நமதென்போமாயின், உறுதியானவற்றையும் பிறர் ஐயுறுவர். மொழிப்பற்றுக்கு அரண் உண்மையே.