ரேஷன் அரிசியில் மிதப்பது பிளாஸ்டிக்கா? பொறுக்கி எறியும் முன் இதைப் படிங்க!

ரேஷன் அரிசியைக் களையும்போது சில மணிகள் மட்டும் தண்ணீரில் மிதக்கும். மற்ற அரிசியைவிட லேசான மஞ்சளாகவும் தெரியும். "ஐயோ, பிளாஸ்டிக் அரிசியைக் கலந்துட்டாங்க" என்று அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுபவர்கள் உண்டு. அந்த மணிகளை மட்டும் பொறுக்கிக் குப்பையில் போடுபவர்களும் உண்டு.

ஆனால், அப்படித் தூக்கிப் போடும் மணிகளில்தான் கூடுதலாகச் சேர்க்கப்பட்ட சத்து இருக்கிறது.

அந்த மணி எதனால் ஆனது?

அதன் பெயர் செறிவூட்டப்பட்ட அரிசி. முதலில் அரிசியை மாவாக அரைக்கிறார்கள். அதில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவை கலந்த பொடியையும் தண்ணீரையும் சேர்த்துப் பிசைகிறார்கள். நம்ம வீட்டில் இடியாப்பம் பிழிவதுபோல, அந்த மாவை இயந்திர அச்சில் அழுத்தி, அரிசி வடிவத்தில் வெட்டிக் காயவைக்கிறார்கள்.

இந்த மணிகள் 1 கிலோ எடுத்தால், அதோடு 100 கிலோ சாதாரண அரிசியைக் கலக்க வேண்டும். அதனால்தான் ஒரு பிடி அரிசியில் சில மணிகள் மட்டும் வித்தியாசமாகத் தெரிகின்றன.

அப்புறம் ஏன் மிதக்கிறது?

மாவைப் பிழிந்து செய்வதால், வயலில் விளைந்த அரிசியைவிட இதன் அடர்த்தி குறைவாக இருக்கலாம். அதனால் சில மணிகள் மிதக்கும். சேர்க்கப்பட்ட சத்துகளால் நிறமும் கொஞ்சம் மாறும். சந்தேகம் இருந்தால், வெந்த பிறகு விரலால் நசுக்கிப் பாருங்க. சாதம் மாதிரியே மசியும். பிளாஸ்டிக் அப்படி மசியாது.

அரிசியில் ஏன் சத்தைச் சேர்க்க வேண்டும்?

நெல்லிலேயே சத்து இருக்கிறது. ஆனால் வெள்ளை வெளேர் என்று இருக்க வேண்டும் என்பதற்காக அரிசியைத் தீட்டும்போது, தவிட்டோடு சேர்ந்து பி வைட்டமின்களும் தாதுக்களும் பெருமளவு போய்விடுகின்றன. புழுங்கல் அரிசியில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடும். வைட்டமின் பி12 மட்டும் எந்த அரிசியிலும் இயற்கையாக இருக்காது. அது பால், முட்டை, மீன், இறைச்சி போன்றவற்றிலிருந்துதான் கிடைக்கும்.

காலையில் இட்லி, மதியம் சாதம், இரவு தோசை என்று மூன்று வேளையும் அரிசியே தட்டில் இருக்கும் வீடுகளில், இந்த இழப்பு உடம்பில் தெரியும். 2019-21-ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம். தமிழ்நாட்டில் பெண்களில் 53 சதவீதம், குழந்தைகளில் 57 சதவீதம்.

படியேறினால் மூச்சு வாங்குவது, எப்போதும் அசதி, படிப்பில் கவனமின்மை ஆகியவற்றுக்கு ரத்தசோகை காரணமாக இருக்கலாம். பிரசவ நேரத்தில் இது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

திட்டம் எப்போது வந்தது?

2019-ல் மத்திய அரசு சோதனை முயற்சியாக இதைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அதற்குத் தேர்வான மாவட்டம் திருச்சி. ரேஷன், மதிய உணவு உள்ளிட்ட அரசுத் திட்டங்கள் அனைத்திலும் 2024-க்குள் இந்த அரிசி வழங்கப்படும் என்று 2021 சுதந்திர தின உரையில் பிரதமர் மோடி அறிவித்தார். 2028 டிசம்பர் வரை திட்டத்தைத் தொடர 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

இதைச் சாப்பிட்டால் மட்டும் போதுமா?

போதாது. ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, 1 கிலோ செறிவூட்டப்பட்ட அரிசியில் 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்புச்சத்து இருக்க வேண்டும். ஒருவர் மாதம் 5 கிலோ சாப்பிட்டால், ஒரு நாளைக்குக் கிடைப்பது சுமார் 5 முதல் 7 மில்லிகிராம். ஆனால் ஒரு பெண்ணுக்குத் தினமும் 29 மில்லிகிராம் தேவை என்கிறது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அதாவது, அதிகபட்சம் கால் பங்குதான் அரிசியிலிருந்து வருகிறது.

மீதி முக்கால் பங்கு கீரை, பருப்பு, கம்பு, கேழ்வரகு, முட்டை, மீன், இறைச்சி என்று மற்ற உணவிலிருந்து வர வேண்டும். இந்தத் திட்டத்தை விமர்சிப்பவர்களின் கேள்வியும் இதுதான்: அரிசியில் சத்தைக் கலப்பதற்குப் பதிலாக, தட்டில் பலவகை உணவு கிடைக்க வழி செய்யலாமே?

சமைக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

* மிதக்கும் மணிகளைத் தண்ணீரோடு சேர்த்துக் கொட்டிவிடாதீங்க.
* ஃபோலிக் அமிலமும் பி12-ம் தண்ணீரில் கரையக்கூடியவை. அதனால் திரும்பத் திரும்பக் களைய வேண்டாம். அளவாகத் தண்ணீர் வைத்து வேகவைப்பது நல்லது. சாதத்தை வடித்தால், கஞ்சியைக் கீழே ஊற்றாமல் குடிக்கலாம், ரசத்தில் சேர்க்கலாம்.
* எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்றவை இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் அது தடைபடும்.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

தலசீமியா உள்ளவர்களுக்கு, குறிப்பாக அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களுக்கு, உடம்பில் ஏற்கெனவே இரும்பு அதிகமாகச் சேர்ந்திருக்கும். நீலகிரி பழங்குடி மக்களிடையே காணப்படும் சிக்கிள் செல் நோய் உள்ளவர்களுக்கும் இதே கேள்வி எழுந்தது. இவர்களுக்கான எச்சரிக்கை வாசகத்தைப் பையில் அச்சிட வேண்டும் என்ற விதி முன்பு இருந்தது. இந்த அரிசியால் அவர்களுக்குப் பாதிப்பில்லை என்று நிபுணர் குழு கூறியதை அடுத்து, 2024-ல் அந்த விதி நீக்கப்பட்டது. இருந்தாலும், இந்த நோய்களுக்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் தங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

மற்றவர்கள் பயப்படத் தேவையில்லை. அடுத்த முறை அரிசி களையும்போது அந்த மஞ்சள் மணி மேலே வந்தால், அது உலைக்குப் போகட்டும். கூடவே அடுப்பில் கொஞ்சம் கீரையும் வேகட்டும்.