லூசோபோனியா போட்டியில் வாலிபால்: பார்க்கப்போகிறவருக்கு

போர்த்துகீசிய மொழி பேசும் நாடுகளுக்கென்று லூசோபோனியா விளையாட்டுப் போட்டி ஒன்று உண்டு. 2006இல் மக்காவ், 2009இல் லிஸ்பன், 2014 ஜனவரியில் கோவா என்று நடந்தது. மூன்றிலும் வாலிபால் இருந்தது.

இலங்கையும் அதில் பங்கேற்கும் நாடு. அதில் இலங்கைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். மொழி பேசித்தான் ஆக வேண்டும் என்பதில்லை, பழைய ஆட்சித் தொடர்பு இருந்தாலும் இடம் உண்டு. யாழ்ப்பாணத்தைப் போர்த்துகீசியர் 1619 முதல் 1658 வரை ஆண்டார்கள். கோவா 1510 முதல் 1961 வரை அவர்கள் கையில் இருந்தது. அதனால் இலங்கையும், கோவாவின் பேரில் இந்தியாவும் இணை உறுப்பினர்கள். வாலிபாலோ இலங்கையின் தேசிய விளையாட்டு. ஆகவே அந்தப் போட்டியில் இலங்கை அணியினர் வெறும் விருந்தாளிகள் அல்ல.

'வாலிபால்', 'பீச் வாலிபால்' என்று இரண்டு பெயர் பார்த்தால் குழம்ப வேண்டாம். இரண்டும் தனித்தனி ஆட்டங்கள், தனித்தனிப் பதக்கங்கள். அரங்கில் ஆறு பேர், மணலில் இரண்டே பேர். மணலில் மாற்று ஆட்டக்காரர் கிடையாது. ஒருவர் களைத்தால் எதிரணி அவரை நோக்கியே பந்தை அனுப்பிக்கொண்டிருக்கும். ஆகவே மணலில் களைத்தவர் யார் என்று கவனியுங்கள், ஆட்டம் போகும் திசை தெரிந்துவிடும்.

புள்ளிக் கணக்கு கடினமா? இல்லை. சர்வீஸ் போட்டது எந்த அணியானாலும், பந்தை வென்ற அணிக்கு ஒரு புள்ளி. அரங்கில் 25 புள்ளி எடுத்தால் ஒரு செட் (ஆட்டத்தின் ஒரு பகுதி), ஆனால் இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும். மூன்று செட் வென்றவர் வெற்றியாளர். ஐந்தாவது செட் வந்தால் 15 போதும். மணலில் 21 புள்ளிக்கு ஒரு செட், இரண்டு செட் வென்றால் வெற்றி.

வேறு நிறச் சட்டையில் ஒருவர் நிற்கிறாரே? அவர் லிபரோ (தடுத்தெடுப்பதற்கென்றே இருப்பவர்). வலையைவிட உயரத்தில் இருக்கும் பந்தை அவர் எதிரணிப் பக்கம் அடித்து அனுப்பக் கூடாது. அவர் எடுத்துக்கொடுக்கும் முதல் பந்து நேராக வந்தால்தான் மற்றவர்கள் நல்ல அடி அடிக்க முடியும். என்னைக் கேட்டால், அரங்கில் மிக அழகான வேலை அவருடையதுதான்.

ஆடும் நாடுகளில் பிரேசில் என்ற பெயரைப் பார்த்ததும் ஒலிம்பிக் தங்கம் வென்ற அணியே வரும் என்று எண்ணிவிடாதீர்கள். இத்தகைய போட்டிக்கு முதன்மை அணியை அனுப்பும் கட்டாயம் இல்லை. ஆட்டக்காரர் பட்டியலைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முதன்மை அணி வராதபோதுதான் சின்ன நாட்டு அணிகளுக்கு வாய்ப்பு திறக்கும்.

எங்கே உட்கார்வது? இடம் கிடைத்தால் பக்கவாட்டில் வேண்டாம், ஆடுகளத்தின் பின்பக்கம் போங்கள். வலைமேல் தடுப்பவர்களின் கைகள் எங்கே விலகுகின்றன, அடிப்பவர் எந்த இடைவெளியைத் தேடுகிறார் என்பது அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.