சாணத்தை எரிப்பதா, எருவாக்குவதா?
பாலாற்றங்கரைக் கிராமங்களில் சாண எரிவாயு

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கிராமங்களில் இருவகைக் கழிவுகள் ஏராளமாய் உண்டாகின்றன. ஒன்று, மாட்டுக் கொட்டிலில் சேரும் சாணம். மற்றொன்று, தோல் பதனிடும் சாலைகளிலிருந்து வெளிவரும் கழிவு. இவற்றுள் நிலத்துக்குப் போகவேண்டிய சாணம் அடுப்புக்குப் போய்விடுகிறது. நிலத்தை அணுகவே கூடாத தோல் கழிவோ சில சமயங்களில் 'எரு' என்ற பெயருடன் நிலத்துக்கு வந்துவிடுகிறது. இவ்விரு தவறுகளையும் நீக்கும் வழியை ஒவ்வொரு நிலச் சொந்தக்காரரும் அறிந்திருத்தல் அவசியம்.

வறட்டியால் விளையும் நஷ்டம்

சாணத்தை வறட்டியாகத் தட்டி எரிப்பது குடியானவரின் அசட்டையால் உண்டான வழக்கமன்று. இந்திய விவசாயத்தைப் பார்வையிட வந்த டாக்டர் வால்க்கர், 1893-ல் வெளியான தமது அறிக்கையில், விறகு கிடைக்கும் இடங்களில் குடியானவர் சாணத்தை எரிப்பதில்லை என்றும், விறகுப் பஞ்சமே இதற்குக் காரணம் என்றும் எடுத்துக் காட்டினார். இந்நாளில் பெரும்பாலான வீடுகளுக்குச் சமையல் வாயு சிலிண்டர் வந்துவிட்டபோதிலும், வெந்நீர் போடவும் நெல் அவிக்கவும் வறட்டி உபயோகமாகியே வருகிறது.

இதனால் போவது எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு மாடு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடுவதாகக் கொண்டால், 5 மாடுகளிலிருந்து தினம் 50 கிலோவும், வருஷத்தில் 18 டன்னுக்குச் சற்று அதிகமாகவும் கிடைக்கும். பச்சைச் சாணத்தில் நூற்றுக்கு 0.3 பங்கு தழைச்சத்து உண்டென்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், வருஷத்துக்கு ஏறக்குறைய 55 கிலோ தழைச்சத்து ஆகிறது. இது சுமார் 119 கிலோ யூரியாவில், அதாவது 45 கிலோ மூட்டை இரண்டரைக்கு மேற்பட்டதில், அடங்கியுள்ள சத்துக்குச் சமானம். வறட்டி எரியும்போது இத்தழைச்சத்து அநேகமாய் முழுவதும் புகையோடு போய்விடுகிறது. மணிச்சத்தும் சாம்பல் சத்தும் சாம்பலில் தங்கினாலும், அச்சாம்பல் பாத்திரம் துலக்கவே செலவாகிறது. மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும் மக்குப்பொருளுக்கோ விலை கூற முடியாது. அதை எந்த மூட்டை உரத்தாலும் ஈடு செய்ய இயலாது.

வாயு உண்டாகும் விதம்

சாணத்தைக் காற்றுப் புகாத தொட்டியில் தண்ணீருடன் கரைத்து வைத்தால், மாட்டின் வயிற்றிலிருந்து வந்த நுண்கிருமிகளே அதை மேலும் சிதைக்கின்றன. முதலில் ஒருவகைக் கிருமிகள் சாணத்திலுள்ள நார், மாவு முதலியவற்றை அமிலங்களாக மாற்றுகின்றன. பின்னர் வேறு வகைக் கிருமிகள் அவ்வமிலங்களை வாயுவாக்குகின்றன. இவ்வாயுவில் நூற்றுக்கு 55 முதல் 65 பங்கு வரை எரியக்கூடிய மீத்தேனும், மீதியில் பெரும்பாகம் கரியமில வாயுவும் இருக்கும். இரண்டாம் வகைக் கிருமிகள் காற்றையும் கடுங்குளிரையும் பொறுக்கா. வேலூர்ச் சீமையின் வெயில் அவற்றுக்கு மிகவும் ஏற்றது.

25 கிலோ பச்சைச் சாணத்திலிருந்து சுமார் ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கிறது. அதே 25 கிலோவை வறட்டி தட்டினால், நீர் வற்றியபின் மிஞ்சுவது 5 கிலோ அளவே. ஆனால் ஒரு கன மீட்டர் வாயு செய்யும் சமையலைச் செய்ய 12 கிலோவுக்கு மேற்பட்ட வறட்டி வேண்டும். சாதாரண அடுப்பில் வறட்டிச் சூட்டின் பெரும்பகுதி வீணாவதும், வாயு அடுப்பில் பாதிக்கு மேல் பாத்திரத்துக்கே சேர்வதுமே இவ்வித்தியாசத்துக்குக் காரணம். ஆகவே, வாயுவாக மாற்றினால் சாணத்திலிருந்து பெறும் எரிபொருள் இரட்டிப்புக்கு மேலாகிறது. எருவும் கைவிட்டுப் போவதில்லை.

கலன் அமைத்தல்

நமது தேசத்தில் இத்துறையின் ஆராய்ச்சியை 1939-ல் டில்லி விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். வி. தேசாய் தொடங்கினார். 1960-க்குப் பின் கதர் கிராமத் தொழில் கமிஷன் இரும்பு மூடி மிதக்கும் கலனைப் பரப்பியது. 1984-ல் தீனபந்து என்னும் மாதிரி வந்தது. இது முழுவதும் பூமிக்குள் செங்கல், சிமெண்டினால் கட்டப்படுவது. இரும்பு மூடி இல்லாமையால் துருப்பிடிக்கும் தொல்லை இல்லை.

4 அல்லது 5 மாடுகள் உள்ள குடும்பத்துக்கு 2 கன மீட்டர் கலன் போதும். தினம் 50 கிலோ சாணத்தை அதே அளவு தண்ணீரில் கட்டியின்றிக் கரைத்து, கல்லும் வைக்கோலும் நீக்கி உள்ளே விடவேண்டும். அக்கரைசல் சுமார் 40 நாள் உள்ளே தங்கி, பிறகு மறுபுறம் வெளிவரும். நன்கு நடக்கும் கலன் ஒரு மாதத்தில் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றே முக்காலுக்குச் சமமான வாயு தரக்கூடும்.

கலன் வெயில் படும் மேட்டிடத்திலும், கொட்டிலுக்கும் சமையலறைக்கும் சமீபத்திலும் இருத்தல் நலம். குடிதண்ணீர்க் கிணற்றுக்கு 15 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். மரவேர் கட்டடத்தைப் பிளக்குமாதலால் பெருமரங்களின் அருகே கட்டலாகாது.

முதன்முதல் வரும் வாயுவில் காற்றுக் கலந்திருக்குமாதலால், அதைக் கொளுத்தாமல் வெளியே விட்டுவிட வேண்டும். குழாயில் கசிவு உண்டா என்று சோப்பு நீர் தடவியே பார்க்க வேண்டும். தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது பெரும் ஆபத்து. கலனைச் சுத்தம் செய்வதற்காக எவரும் உள்ளே இறங்கலாகாது. அங்கே தேங்கும் வாயு சில மூச்சுகளிலேயே உயிரைப் போக்கிவிடும். ஒருவரைக் காப்பாற்ற இறங்கியவர்களும் மாண்டுபோவதே இத்தகைய விபத்துகளின் வழக்கம்.

வெளிவரும் குழம்பு

கலனிலிருந்து வெளிவரும் குழம்பில் சாணத்தின் தழைச்சத்து அநேகமாய் முழுவதும் தங்கியிருக்கிறது. வாயுவாகப் போவது கரிப்பொருளே. வீச்சம் குறைந்திருக்கும், ஈக்கள் அதிகமாய் மொய்ப்பதில்லை, களை விதைகள் பெரும்பாலும் முளைப்புத் தன்மை இழந்திருக்கும். இதைப் பாசன வாய்க்காலில் கலந்து கரும்புக்கும் வாழைக்கும் விடலாம். அல்லது குழியில் சருகுடன் அடுக்கி மக்கவைத்துக் கம்பு, கேழ்வரகு, நிலக்கடலை நிலங்களுக்கு இடலாம். திறந்த வெயிலில் காயவிட்டால் தழைச்சத்தில் ஒரு பாகம் ஆவியாகிவிடுமாதலால், நிழற்பந்தல் போடுவது சிறந்தது.

தோல் கழிவு: கூடுவதும் கூடாததும்

தோலின் உட்புறத்திலிருந்து சீவியெடுக்கும் ஊனும் சவ்வும் பிராணிப் பொருளானதால் அவற்றிலிருந்தும் வாயு எடுக்கலாம். சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இம்முறையை ஆராய்ந்துள்ளது. மேல்விஷாரத்துப் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் இதற்கான சாலை நிறுவப்பட்டு, காரியம் கூடும் என்று காட்டப்பட்டுள்ளது. ஆனால் அது நிபுணர்கள் பரிசோதித்து நடத்தும் பெரிய சாலைக்கு உரிய காரியம். வீட்டுக் கலனுக்கு ஏற்றதன்று. அவ்வூனில் சுண்ணாம்பும் கந்தகக் காரமும் ஊறியிருப்பதால் சாணத்திலுள்ள கிருமிகள் மடியும். நச்சு வாயுவும் மிகும். சும்மா கிடைக்கிறதென்று ஒரு கூடை கொட்டினாலும் மாதக்கணக்கில் வேலை செய்த கலன் நின்றுபோகக்கூடும்.

குரோம் முறையில் பதனிட்ட தோலின் சீவலும் நறுக்கும் இதனினும் அபாயமானவை. செங்கல் சூளைக்கும் வெல்லம் காய்ச்சும் அடுப்புக்கும் இவை மலிவான விறகென்று தோன்றலாம். ஆனால் தோலில் அடங்கிக் கிடக்கும் குரோமியம், காற்றுடன் கூடிய கடுஞ்சூட்டில் வேறு உருவம் கொள்ளக்கூடும். அவ்வுருவம் தண்ணீரில் எளிதில் கரைவது. புற்றுநோய் தரும் கொடிய விஷம். அதன் சாம்பல் மழையில் கரைந்தால் கிணற்றைச் சேரும். சுத்திகரிப்பு நிலையத்துச் சேற்றையும் எருவென்று நிலத்தில் இடலாகாது. அதிலுள்ள உப்பும் குரோமியமும் மண்ணில் தங்கிவிடும்.

இப்பகுதியின் கிணறுகள் பட்ட பாடு யாவரும் அறிந்ததே. தோல் கழிவுநீரால் பாலாற்றுப் படுகையில் நேர்ந்த கெடுதல் பற்றி வேலூர்ப் பொதுமக்கள் சங்கம் ஒன்று தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ல் சுப்ரீம் கோர்ட்டு, கெடுத்தவரே நஷ்டஈடு தருவதோடு கெட்ட நிலத்தையும் நீரையும் சீராக்கும் செலவையும் ஏற்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் உப்பேறிய மண் எந்தத் தீர்ப்பினாலும் ஒரு நாளில் திரும்புவதில்லை. கலனுக்கு ஊற்றும் தண்ணீரும் மிகவும் உப்பாயிருந்தால் வாயு குறையும். அத்தகைய இடங்களில் மழைநீரையோ நல்ல கிணற்று நீரையோ உபயோகிக்க வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கு

கிராம நிர்வாக அலுவலர்களும் பஞ்சாயத்துத் தலைவர்களும் இரண்டு காரியங்களில் உதவலாம். முதலாவது, 4 மாடுகளுக்குக் குறையாமல் வைத்திருக்கும் குடும்பங்களின் ஜாபிதா ஒன்றைத் தயாரித்து, கலன் கட்ட விரும்புவோருக்கு அவ்வப்போது அமுலிலுள்ள மானிய விதிகளை வட்டார அலுவலகத்தில் விசாரித்துச் சொல்லுதல். இரண்டாவது, இரவு வேளையில் ஏரிக்கரையிலும் ஆற்றோரத்திலும் தோல் கழிவைக் கொட்டிச் செல்லும் வண்டிகளைப் பற்றி மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தாமதமின்றி எழுதுதல்.

சாணம் வீட்டில் உண்டாகும் செல்வம். அதன் சூட்டை அடுப்புக்கும் சத்தை நிலத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கலன் கட்டும் எண்ணமுள்ளோர் முதலில் ஒரு வாரம் தம் கொட்டிலில் விழும் சாணத்தை நாள்தோறும் நிறுத்துப் பார்க்கட்டும். அந்த எடைக்கு ஏற்ற அளவில் கலன் கட்டினால் நஷ்டம் வராது.