வேற்று வாசகருக்கு எழுதக் கற்பித்தல்

மாணவரின் கட்டுரையில் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிக்கும் இடங்கள் அனைத்தும் மொழிப்பிழைகள் அல்ல. அவற்றுள் சில, ஒரு பண்பாட்டில் நயமாகவும் மற்றொன்றில் குறையாகவும் கொள்ளப்படும் எழுத்து வழக்கங்கள். அமெரிக்க மொழியியலாளர் ராபர்ட் கப்லான் 1966-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த ஒப்பீட்டுச் சொல்லாட்சியியல், அதாவது வெவ்வேறு மொழியினர் கருத்துகளை அடுக்கும் முறைகளை ஒப்பிடும் துறை, இதையே ஆராய்கிறது. அயல்நாட்டு மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகள் இலக்கணம் வழுவாதிருந்தும் ஆங்கில வாசகருக்குத் தடம் மாறியவையாகத் தோன்றுவது ஏன் என்று கேட்ட கப்லான், ஆங்கிலப் பத்தியை நேர்கோடாகவும் கீழைத்தேயப் பத்தியைச் சுழலாகவும் வரைந்து காட்டினார். கேள்வி அருமையானது, ஆனால் பல மொழிகளை ஒரே சுழலுக்குள் அடைத்த அந்தப் படம் நியாயமானதன்று.

மொழியியலாளர் ஜான் ஹைண்ட்ஸ் 1987-இல் தந்த விளக்கம் வகுப்பறைக்குக் கூடுதலாக உதவுகிறது. பொருளைத் தெளிவாக்கும் பொறுப்பு ஆங்கிலத்தில் பெரிதும் எழுதுபவருடையது என்றும், ஜப்பானியத்தில் அதில் பெரும்பங்கை வாசகர் ஏற்கிறார் என்றும் அவர் கருதினார். தொடக்கம், வளர்ச்சி, திருப்பம், முடிவு என்னும் நான்கு படிகள் கொண்ட 'கி-ஷோ-டென்-கெட்சு' அமைப்பில், மூன்றாம் படி தொடர்பற்றதுபோல் தோன்றும் ஒன்றைத் திடீரெனக் கொண்டுவரும். அதன் தொடர்பை ஊகித்து மகிழ்வது ஜப்பானிய வாசகரின் வேலை. அந்த வழக்கத்தை அறியாத ஆங்கில ஆசிரியரோ அவ்விடத்தில் 'பொருத்தமில்லை' என்று எழுதிவிடக்கூடும்.

சீனாவிலிருந்து அமெரிக்கா சென்று பயின்ற ஃபான் ஷென் 1989-இல் எழுதிய கட்டுரை, இந்தச் சிக்கலை மாணவரின் பக்கத்திலிருந்து காட்டுகிறது. 'நாம்' என்பதற்குப் பின்னால் 'நான்' என்பதை அடக்கிவைக்கப் பழகிய அவர், தன் கருத்தைத் தன்னுடையதாகவே எழுதுமாறு பணிக்கப்பட்டபோது, ஆங்கிலத்தில் எழுதுவதற்கென்றே வேறொரு தன்னுருவைக் கற்பனை செய்துகொள்ள வேண்டியிருந்தது. எழுத்துப் பயிற்சி என்பது ஆளுமையையே தொடும் செயல் என்பதை எத்தனை ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்கிறார்கள்!

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, 2002-இல் வெளியிட்ட நூலில், போர்க்காலத்தில் காகிதத்துக்கும் மின்சாரத்துக்கும் புதிய ஆய்விதழ்களுக்கும் தட்டுப்பாடு நிலவிய சூழலில் எழுதிய அறிஞர்களின் எழுத்தை மேலை இதழ்களின் வழக்கங்களைக் கொண்டு மட்டும் எடைபோடுவதைக் கேள்விக்குள்ளாக்கினார். பன்மொழி மாணவர் அவ்வழக்கங்களைக் கற்க வேண்டும், ஆயினும் தம் மரபை உதறிவிடத் தேவையில்லை என்பது அவர் நிலைப்பாடு. யாருக்காக எழுதுகிறோம் என்று எண்ணி எழுதுவது தமிழ் மரபுக்கும் அயலானதன்று. நூலின் முன்னுரையாகிய சிறப்புப் பாயிரம் கூற வேண்டியவை என நன்னூல் வகுத்த எட்டனுள் 'கேட்போர்' என்பதும் ஒன்று.

ஆகவே, பொங்கலன்று பால் பொங்கும்வரை வீட்டார் காத்திருப்பதை, முதலில் உள்ளூர் உறவினருக்கும் பின்னர் பொங்கலையே அறியாத ஒருவருக்கும் மாணவர் எழுதிப் பார்க்கலாம். உறவினருக்குப் 'பொங்கிவிட்டது' என்ற ஒரு சொல்லே போதும். மற்றவருக்கோ, பால் வழிந்தால் அடுப்பை அணைக்காமல் ஏன் மகிழ்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.