ஊற்றை நாடும் கடற்பசுக்கள்

மார்கழி விடியலில் கிணற்று நீரை இறைத்துக் குளித்தவர்கள் ஒன்றை அறிவார்கள். சுற்றிலும் பனி கொட்டினாலும் நீர் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும். சித்திரை வெயிலில் அதே நீர் குளிர்ந்து தோன்றும். ஆழத்து நீரின் வெப்பம் அதிகம் மாறுவதில்லை, மாறுவது வெளிக்காற்றே. இந்த எளிய உண்மையை நம்பி ஆண்டுதோறும் குளிர்காலத்தைக் கடக்கும் உயிர் ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத்தில் வாழும் மனாட்டி என்னும் கடற்பசுவே அது.

மனாட்டி மீனன்று, பாலூட்டி. நம் பாக் விரிகுடாவில் மீனவர்கள் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசுவுக்கு அது உறவு. ஆவுளியாவின் வால் திமிங்கிலத்தின் வாலைப் போலப் பிளவுபட்டிருக்கும். மனாட்டியின் வாலோ அகன்று வட்டமாக இருக்கும். ஆவுளியா கடலிலேயே வாழும். மனாட்டி ஆறுகளிலும் ஏறி வரும். வளர்ந்த மனாட்டி ஏறத்தாழ 3 மீட்டர் நீளமும் 450 கிலோகிராம் எடையும் உடையது. கடற்புல்லும் நீர்ப்பூண்டுமே அதன் உணவு.

இத்தனை பெரிய உடலைக் குளிர் என்ன செய்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். திமிங்கிலத்துக்கு உள்ளது போன்ற தடித்த கொழுப்புப் போர்வை மனாட்டிக்கு இல்லை. உணவை எரித்து வெப்பமாக்கும் வேகமும் அதன் உடலில் குறைவு. ஆதலால், 20 டிகிரி செல்சியஸுக்கும் கீழே குளிர்ந்த நீரில் நெடுநாள் கிடந்தால் அது நோயுற்று மடியும்.

புளோரிடாவின் நிலத்தடியில் சுண்ணாம்புப் பாறை பரந்து கிடக்கிறது. மழைநீர் அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கிப் பின் ஊற்றாகப் பெருக்கெடுக்கிறது. எரிமலைச் சூடு எதுவும் இதில் இல்லை. நம் கிணற்று நீரைப் போலவே, கோடையிலும் குளிரிலும் அது ஏறத்தாழ 22 டிகிரியில் நிற்கிறது. செயின்ட் ஜான்ஸ் ஆற்றோடு கலக்கும் புளூ ஸ்பிரிங், மேற்குக் கரையிலுள்ள கிறிஸ்டல் ரிவர் ஆகிய இடங்கள் இதனால் புகழ்பெற்றவை.

குளிர் மிகுந்த காலையில்தான் அங்குக் காட்சி சிறக்கும். ஊற்றின்மேல் ஆவி எழும். தெளிந்த நீரின் அடியில், அடுக்கி வைத்த மரக்கட்டைகளைப் போலச் சாம்பல் நிற உடல்கள் அசையாமல் கிடக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூக்கு மட்டும் மேலே வந்து மூச்செறிந்து மறையும். தாயின் பக்கத்துடுப்புக்கு அடியில் கன்று பால் குடிக்கும். பல உடல்களின் முதுகில் வடுக்கள் தெரியும். அவை படகுகளின் சுழல் விசிறி கிழித்தவை. அந்த வடுக்களின் அமைப்பைக் கொண்டே ஆய்வாளர்கள் ஒவ்வொன்றையும் இனங்காண்கிறார்கள்.

ஊற்றில் வெப்பம் உண்டு. போதிய புல் இல்லை. பசி மிகும்போது மனாட்டி குளிர்ந்த ஆற்றுக்குச் சென்று, மேய்ந்து, மீண்டும் ஊற்றுக்குத் திரும்ப வேண்டும். அந்நேரத்தில் மனிதர் நீந்தியோ படகோட்டியோ அதைக் கலைத்தால், அது குளிரிலே போய் நிற்கும். ஆகவே புளூ ஸ்பிரிங்கில் குளிர்காலம் முழுவதும் நீரில் இறங்கத் தடை உண்டு. கரையோரப் பலகைப் பாதையில் நின்றே பார்க்க வேண்டும். அரசு 1972இல் அவ்விடத்தை வாங்கிப் பூங்காவாக்கியபோது அங்கு வந்தவை மிகச் சில. 2024 ஜனவரியில் ஒரே நாளில் 900க்கும் மேற்பட்டவை எண்ணப்பட்டன.

எனினும் புகலிடம் மட்டும் போதாது. 2021இல் புளோரிடாவில் சுமார் 1,100 மனாட்டிகள் இறந்தன. கிழக்குக் கரையின் இந்தியன் ரிவர் கடற்கழியில் கழிவுநீரும் உரச்சத்தும் கலந்து பாசி பெருகியது. ஒளியின்றிக் கடற்புல் அழிந்தது. குளிரிலிருந்து தப்பியவற்றுள் பல பட்டினியால் மாண்டன.

நம் ஆவுளியாவுக்கும் கடற்புல்லே உயிர். தமிழ்நாடு அரசு 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை அதற்கெனக் காப்பகமாக அறிவித்தது. கடற்கரைக்குச் செல்லும் மாணவர்கள், கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பச்சைப் புல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். அது குப்பையன்று; ஆவுளியா மேயும் மேய்ச்சல் நிலத்தின் ஒரு கீற்று.