ஜன்னலோரத் தோட்டம்: சிறுநீரக நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும்

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் மாத்திரை நேரத்தையும் உணவையும் பற்றியவை. அவற்றினிடையே, சற்றுத் தயக்கத்துடன், "வீட்டில் நாலைந்து செடிகள் இருக்கின்றன, வைத்துக்கொள்ளலாமா, டாக்டர்?" என்ற கேள்வியும் எழுவதுண்டு. நெடுநாள்களாக இதற்கு நாங்கள் அளித்துவந்த விடை ஒரே சொல்தான்: வேண்டாம். வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுக்கும் அறிவுரைத் தாளிலும் மண்ணையும் செடிகளையும் தவிர்க்கவும் என்று ஒரு வரி இருந்தது. எழுதுவதற்கு எளிய வரி அது. அதைப் படித்த ஒரு குடும்பம், பல ஆண்டுகளாக வீட்டில் இருந்த துளசித் தொட்டி உட்பட எல்லாச் செடிகளையும் பிறருக்குக் கொடுத்துவிட்டது. ஓராண்டு கழித்துப் பேச்சுவாக்கில்தான் இதனை நாங்கள் அறிந்தோம். அந்தச் செடிகளுக்கு நாள்தோறும் நீர் ஊற்றியவர் நோயாளியின் தாயார். மகனுக்குச் சிறுநீரகம் அளித்தவரும் அவரே. அவர் எங்களிடம் ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை.

அந்த வரியை இப்போது நீக்கிவிட்டோம். "வேண்டாம்" என்பதற்குப் பதிலாக யாருக்கு, எப்போது, எவ்வாறு என்பதை இங்கே விளக்க முயல்கிறோம்.

முதலில், அச்சத்திற்குக் காரணம் என்ன? புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்கத் தரப்படும் மருந்துகள் நோய் எதிர்ப்புத் திறனைக் குறைக்கின்றன. மண்ணிலும் அழுகும் இலைகளிலும் அஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளும் நோகார்டியா என்னும் பாக்டீரியாவும் இயல்பாகவே வாழ்கின்றன. காய்ந்த மண்ணைக் கிளறும்போது அவை தூசியுடன் எழுந்து மூச்சில் நுழைகின்றன. ஆரோக்கியமானவருடைய உடல் இவற்றை எளிதில் அப்புறப்படுத்திவிடும். மருந்தளவு மிகுந்திருக்கும் முதல் மாதங்களில் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரின் உடலால் அது எளிதன்று. நுரையீரலில் கடுமையான தொற்று ஏற்படலாம். ஆக, ஆபத்து பெரிதும் மண்ணைக் கிளறுவதில் இருக்கிறது. செடியைப் பார்ப்பதில் இல்லை.

ஆகவே முதல் மூன்று மாதங்களேனும் மண்ணைத் தொடுதல் கூடாது. செடி நோயாளியின் படுக்கையறையில் வேண்டாம்; வேறோர் அறையின் ஜன்னலில் இருக்கட்டும். நீர் ஊற்றுவதும் காய்ந்த இலைகளை அகற்றுவதும் வீட்டிலுள்ள மற்றவர் பொறுப்பு. பின்னர் மருத்துவர் இசைவளித்தால், கையுறையும் முகக்கவசமும் அணிந்து சிறு வேலைகளைத் தொடங்கலாம். தொட்டி மாற்றுவதும், மண் கலப்பதும், எரு மூட்டையைப் பிரிப்பதும் அப்போதும் பிறர் செய்ய வேண்டியவையே. இடையில் நிராகரிப்புக்காகக் கூடுதல் மருந்து தரப்பட்டால், கணக்கை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதனைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு இத்தனை தடைகள் இல்லை. ஃபிஸ்டுலா உள்ள கையால் கனமான தொட்டியைத் தூக்காதீர்கள். முள்செடிகளை அந்தக் கையால் தொடாதீர்கள். வயிற்றின் வழியே டயாலிசிஸ் செய்பவர்கள், திரவம் மாற்றும் அறையில் செடி எதையும் வைக்க வேண்டாம்.

இத்தனை எச்சரிக்கையுடன் ஒரு தொட்டியை ஏன் வைக்க வேண்டும் என்று கேட்கலாம். 1984இல் 'சயின்ஸ்' இதழில் ரோஜர் அல்ரிக் என்னும் ஆய்வாளர், பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 நோயாளிகளின் பதிவேடுகளை ஒப்பிட்டு எழுதினார். ஜன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். வீரியமான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. அது சிறிய ஆய்வு. ஜன்னலில் வைத்த புதினாவுக்கு அதனை அப்படியே பொருத்திவிட முடியாது. எங்கள் அனுபவத்தில் கண்டது வேறொன்று: வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தின் அருகில் கழிப்பவருக்கு, மற்ற நாள்களில் தம்மை எதிர்பார்த்திருக்கும் ஒரு வேலை வீட்டில் இருப்பது பெரிய ஆறுதல்.

இனித் தொடங்கும் முறை. ஜன்னலின் திசையை முதலில் பாருங்கள். காலை வெயில் விழும் கிழக்கு ஜன்னல் கீரைகளுக்கு மிகவும் ஏற்றது. மேற்கு ஜன்னலில் மே மாதத்து மாலை வெயில் இளந்தளிரைக் கருக்கிவிடும். மெல்லிய துணித் திரை தேவை. தெற்கு ஜன்னலே சிறந்தது என்று சில நூல்கள் கூறுவது குளிர்நாடுகளுக்குப் பொருந்தும். சென்னையில் ஏப்ரல் இறுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்பதால், அக்காலத்தில் தெற்கு ஜன்னலுக்கு நேர்வெயில் கிடைப்பதில்லை. தொட்டி ஜன்னலின் உட்புறத் திட்டில் இருக்கட்டும். வெளிக் கம்பியில் தொங்கவிட்ட தொட்டி காற்றில் விழுந்தால் கீழே நடப்பவரின் தலைக்கு ஆபத்து.

விலையுயர்ந்த தொட்டி தேவையில்லை. அடியில் நான்கைந்து துளையிட்ட தயிர் டப்பாவோ ஐஸ்கிரீம் டப்பாவோ போதும். கீரைக்கு 15 செ.மீ. ஆழம் தாராளம். தோட்ட மண்ணைவிடத் தென்னைநார்க் கழிவுக் கட்டி எடை குறைந்தது. அதில் உப்பு இருக்குமாதலால் ஊறவைத்து இரண்டு மூன்று முறை நீரில் அலசிப் பிழியுங்கள். உலர்ந்த நிலையில் உடைத்தால் தூசி பறக்கும். நனைத்த பின்னரே கையாளுங்கள். அதில் சத்து குறைவு என்பதால், மட்கிய எருவை நோயாளியல்லாத ஒருவர் வெளியில் வைத்துக் கலந்து தரட்டும்.

முதல் விதை வெந்தயமாக இருக்கட்டும். அஞ்சறைப் பெட்டியில் உள்ளதே போதும். இரவு ஊறவைத்து, காலையில் தூவி, மெல்லியதாக மூடினால் மூன்று நான்கு நாள்களில் முளைக்கும். மூன்று வாரங்களில் கிள்ளலாம். சந்தையில் வாங்கும் புதினாக் கட்டில் தடித்த தண்டுகளைத் தேர்ந்து, கீழ் இலைகளை நீக்கித் தண்ணீரில் வைத்தால் வேர்விடும். பிறகு தொட்டிக்கு மாற்றலாம். கற்பூரவல்லியை ஒடித்து ஊன்றினாலே போதும். கொத்தமல்லியில் தொடங்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. விதையை இரண்டாகத் தேய்த்து உடைத்துப் போட்டாலும் முளைக்கப் பத்து நாள் ஆகிறது. அதற்குள் பலர் நம்பிக்கையிழந்து நீரை மேலும் மேலும் ஊற்றி அழுகவைத்துவிடுகிறார்கள்.

நீரின் அளவைப் பற்றி டயாலிசிஸ் நோயாளிகளுக்கு நாங்கள் அதிகம் சொல்லத் தேவையில்லை. விரலின் முதற்கணு வரை மண்ணில் விட்டு ஈரம் தட்டுப்பட்டால் அன்று நீர் வேண்டாம்.

எங்களுக்கு மிகுந்த கவலை தருவது தொட்டியின் கீழ் வைக்கும் தட்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தெளிந்த சிறிதளவு நீர் போதும்; முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள்கள் போதும். தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் நீரின்றியும் மாதக்கணக்கில் உயிருடன் இருக்கும். மீண்டும் நனைந்ததும் பொரிக்கும். எனவே நீரைக் கொட்டுவது மட்டும் போதாது. வாரம் ஒருமுறையேனும் தட்டை நன்கு தேய்த்துக் கழுவ வேண்டும். இயன்றால் தட்டில் மணலை நிரப்பிவிடுங்கள். பாட்டிலில் வளரும் மணி பிளான்ட்டுக்கும் வேர்விட வைத்த புதினாவுக்கும் நீரை அடிக்கடி மாற்றுங்கள். டெங்கு சிகிச்சையில் உடலுக்குத் தரும் திரவத்தின் அளவே முக்கியம். சிறுநீர் வெளியேறாதவருக்கு அந்த அளவைத் தீர்மானிப்பது எங்களுக்கு மிகக் கடினம்.

விளைந்ததை உண்பது அடுத்த கேள்வி. கீரைகளில் பொட்டாசியம் மிகுதி. இரத்தத்தில் அதன் இயல்பளவு ஏறத்தாழ 3.5 முதல் 5 வரை. 6ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தடுமாறக்கூடும். ரசத்தின் மேல் தூவும் சிறிதளவு கொத்தமல்லி இதற்குக் காரணமாகாது. தட்டு நிறையக் கீரைக் கூட்டு என்றால், நிறைய நீரில் வேகவைத்து அந்நீரை வடித்துவிட வேண்டும். அதுவும் உணவியல் நிபுணர் சொன்ன அளவுக்கே. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் முதல் மாதங்களில் பச்சையாக அரைக்கும் சட்னியைத் தவிர்த்து, இலைகளை நன்கு கழுவிச் சமைத்தே உண்ணுங்கள். மூக்கிரட்டை, கீழாநெல்லி போன்றவற்றை வளர்த்துச் சாறு பிழிந்து குடிப்பதற்கு மட்டும் நாங்கள் இசைய மாட்டோம். நம் வீட்டு ஜன்னலில் வளர்ந்தது என்பதால் அது தீங்கற்றதாகிவிடாது.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சலோ நீங்காத இருமலோ, டயாலிசிஸ் நோயாளிக்கு ஃபிஸ்டுலாக் கையில் சிவப்போ வீக்கமோ கண்டால், கடையில் மாத்திரை வாங்காமல் அன்றே எங்களிடம் வாருங்கள். வரும்போது, வீட்டில் செடி வைத்திருக்கிறீர்கள், மண்ணைத் தொட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எந்தப் பரிசோதனையை முதலில் செய்வது என்பதையே அது மாற்றக்கூடும். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம்.